மருந்து ஒட்டுப்பட்டைகளை ஒப்பிடுவது எப்படி? தோல் எரிச்சல், பலன், செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோலின் மேல் ஒட்டிக்கொண்டு மருந்தைச் சிறுகச் சிறுக உடலுக்குள் அனுப்பும் ஒட்டுப்பட்டைகளைப் பலரும் பேட்ச் என்றே சொல்கிறார்கள். புகைப்பழக்கத்தை விடுவதற்கும், மாதவிடாய் நின்ற பின் வரும் தொல்லைகளுக்கும், நெஞ்சுவலிக்கும், நாள்பட்ட வலிக்கும், மறதி நோய்க்கும் இவை இப்போது பரவலாக எழுதித் தரப்படுகின்றன. இரண்டு பட்டைகளுக்கிடையே எதைத் தேர்வது என்று கேட்பவர்கள் எது தோலைப் புண்படுத்தாது, எது நன்றாக வேலை செய்யும், எது கட்டுப்படியாகும் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்கிறார்கள். இம்மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டிவிட முடியாது. அரிப்பு தாங்காமல் பாதியில் உரித்தெறியப்படும் பட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண் செலவு. அதன் மருந்து எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பலன் இல்லை. கீழே உள்ள விடைகள் எல்லாம் இந்த எண்ணத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

எந்தப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம்?

ஒரே மருந்து, ஒரே நோக்கம் ஆகிய இரண்டும் பொருந்தினால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. வலிப் பட்டைகள் என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிடோகைன் 5% பட்டையும் டைக்ளோஃபெனாக் பட்டையும் ஒட்டிய இடத்திலேயே வேலை செய்பவை. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. லிடோகைன் பட்டையில் உள்ள 700 மி.கி. மருந்தில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே உடலுக்குள் போகிறது. அபின் வகை வலிநிவாரணிகளான ஃபென்டனில் பட்டையும் புப்ரெனார்ஃபின் பட்டையும் இதற்கு நேர்மாறானவை. அவற்றை எங்கே ஒட்டினாலும் மருந்து இரத்தத்தில் கலந்து மூளையில் வேலை செய்கிறது. ஏற்கெனவே அபின் வகை மருந்துகளுக்குப் பழகாத ஒருவர் ஃபென்டனில் பட்டையை ஒட்டிக்கொண்டால் மூச்சு அடங்கி உயிரே போகலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்ட வலிப் பட்டை எனக்கும் கேட்குமா என்ற கேள்விக்கு, அதில் உள்ள மருந்தின் பெயரைப் பார்க்காமல் எவரும் விடை சொல்லக் கூடாது.

பெட்டியின் மேல் உள்ள மில்லிகிராம் எதைக் குறிக்கிறது?

பட்டைக்குள் இருக்கும் மொத்த மருந்து வேறு. அது ஒரு நாளில் உடலுக்குத் தரும் மருந்து வேறு. மறதி நோய்க்குத் தரப்படும் ரிவாஸ்டிக்மைன் பட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 9 மி.கி. உள்ள பட்டை 24 மணி நேரத்தில் 4.6 மி.கி. தருகிறது, 18 மி.கி. உள்ளது 9.5 மி.கி. தருகிறது; 27 மி.கி. உள்ளது 13.3 மி.கி. தருகிறது. 21 மி.கி. என்று எழுதப்பட்ட நிகோடின் பட்டைகளில் அந்த எண் ஒரு நாளில் வெளிவரும் அளவையே குறிக்கிறது. உள்ளே இருப்பது அதைவிட மிகுதி. செறிவு குறையக் குறைய மருந்து தோலுக்குள் செல்லும் வேகமும் தளர்ந்துவிடும் என்பதால், வேகம் கடைசி மணி நேரம் வரை மாறாதிருக்கத் தேவைக்கு மேல் மருந்து ஏற்றி வைக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களின் பட்டைகளை ஒப்பிடும்போது வெளிவரும் அளவையும் (நாளைக்கு இவ்வளவு, அல்லது மணிக்கு இவ்வளவு) எத்தனை நாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பதையும் மட்டும் பாருங்கள். பட்டையின் பரப்பையோ மொத்த மருந்தின் எடையையோ வைத்து எது வலுவானது என்று முடிவு செய்யாதீர்கள்.

எல்லா மருந்துகளும் ஏன் பட்டையாக வருவதில்லை?

தோலின் வெளிப்புற அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ளது என்றாலும், அதைத் தாண்டிச் செல்வது எளிதன்று. மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும், கொழுப்பில் ஓரளவு கரைய வேண்டும், நாளுக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே பலன் தரும் வீரியமும் வேண்டும். இந்தத் தேர்வில் தேறுபவை சிலவே.

பட்டையின் அமைப்பில் என்ன வேறுபாடுகள் உள்ளன?

பழைய அமைப்பில் மருந்து கூழ் வடிவில் ஒரு சிறு பைக்குள் இருக்கும். அதன் அடியில் உள்ள மெல்லிய படலம் மருந்து வெளியேறும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். புதிய அமைப்பில் மருந்து ஒட்டும் பசைக்குள்ளேயே கலக்கப்பட்டிருக்கும். இதனால் பட்டை மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கிறது. ஓரம் தூக்கிக்கொள்வதும் பொதுவாகக் குறைவு. பை அமைப்பில் கசிவுக்கும் வாய்ப்புண்டு. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபென்டனில் கூழ் கசியக்கூடும் என்ற காரணத்தால் சில பட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. பசையில் கலந்த அமைப்பிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. நடுக்குவாத நோய்க்கான ரோட்டிகோடின் பட்டைகளில் மருந்து கரைந்த நிலையிலிருந்து படிகமாகிவிட்டதால் அதே 2008இல் அவை அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, கலவை திருத்தப்பட்ட பிறகு 2012இல்தான் திரும்பி வந்தன. படிகமாகிவிட்ட மருந்து தோலுக்குள் போவதில்லை.

தோலைப் பொறுத்தவரை பசையின் வகை முக்கியம். அக்ரிலேட் பசைகள் உறுதியாகப் பிடிப்பவை. சிலிக்கோன் பசைகள் தோலின் மேலடுக்கை அவ்வளவாகப் பிய்த்துக்கொண்டு வராதவை. மருந்து உள்ளே செல்ல உதவுவதற்காகச் சேர்க்கப்படும் ஆல்கஹால், புரொப்பிலின் கிளைக்கால் போன்ற பொருள்களும் எரிச்சலுக்குக் காரணமாகலாம். ஒரே மருந்து, ஒரே அளவு என்றிருந்தும் ஒரு நிறுவனத்தின் பட்டை ஒத்துக்கொள்ளாமல் இன்னொன்று ஒத்துக்கொள்வது இதனால்தான். மருந்தையே கைவிடுவதற்கு முன் வேறு பசை கொண்ட பட்டையை ஒருமுறை முயன்று பார்க்குமாறு மருத்துவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

மாத்திரையைவிடப் பட்டை பலன் மிகுந்ததா?

பெரும்பாலும் பலன் சமமாகவே இருக்கும். பட்டையின் சிறப்பு பக்கவிளைவுகள் குறைவதிலும் அளவு சீராக இருப்பதிலும்தான் வெளிப்படுகிறது. விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பங்கு சிதைந்த பிறகே உடலைச் சுற்றி வருகிறது. தோல் வழியாகச் செல்லும் மருந்துக்கு இந்த முதற்சுற்று இழப்பு இல்லை. மாதவிடாய் நின்ற பின் வரும் தொல்லைகளுக்குத் தரப்படும் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வாய்வழியாக 1 அல்லது 2 மி.கி. தேவைப்படும் இடத்தில், நாளுக்கு 50 மைக்ரோகிராம் தரும் பட்டையே வெகு பேருக்குப் போதுமானதாக இருக்கிறது. கல்லீரல் வழியே பெருமளவு ஈஸ்ட்ரோஜன் செல்லாததால், இரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையில் கூடுவது போலப் பட்டையின் வழக்கமான அளவுகளில் கூடுவதாகத் தெரியவில்லை. இரத்த உறைவு அச்சம் உள்ள பெண்ணுக்கு இந்த ஒரு வேறுபாடே விலையைவிடப் பெரியது என்பது என் கருத்து. ஆனால் இதைக் கருத்தடைப் பட்டைக்கு நீட்டிவிடக் கூடாது. அதில் இருப்பது எதினைல் எஸ்ட்ராடையால் என்ற வேறொரு வேதிப்பொருள். 35 மைக்ரோகிராம் கருத்தடை மாத்திரையோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டையில் உடல் எதிர்கொள்ளும் மொத்த ஈஸ்ட்ரோஜன் ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதி. உடல் எடை 90 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் அதன் பலன் குறையலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

ரிவாஸ்டிக்மைனில் ஒப்பீடு இன்னும் தெளிவாக இருக்கிறது. நாளுக்கு 9.5 மி.கி. தரும் பட்டை, நாளுக்கு 12 மி.கி. விழுங்கும் மருந்துறைக்கு (கேப்சூல்) இணையான பலனைத் தந்தபோதே, குமட்டலும் வாந்தியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. மறதி நோயாளி ஒருவரைச் சாப்பிட வைப்பதே பெரும்பாடாக இருக்கும் வீட்டில், வாந்தி குறைவது சிறிய நன்மை அன்று. மருந்து போட்டாயிற்றா என்று ஐயம் வரும்போது முதுகைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுவதும் கவனிப்பவருக்கு நிம்மதி தருகிறது.

உடனடி நிவாரணம் வேண்டிய இடத்தில் பட்டை பொருந்தாது. பயண வாந்திக்கான ஸ்கோபாலமைன் பட்டையைக் குறைந்தது 4 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். ஃபென்டனில் முழு அளவுக்கு ஏற 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கழற்றிய பிறகும் தோலில் தேங்கிய மருந்து மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், பக்கவிளைவு வந்தவுடன் உரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

தோலில் வருவது வெறும் எரிச்சலா, ஒவ்வாமையா? எப்படி அறிவது?

பட்டையை உரித்ததும் அந்த இடத்தைப் பாருங்கள். பட்டையின் விளிம்பை அப்படியே வரைந்தது போல மூலைகள் தெளிவாகத் தெரியும் சிவந்த கட்டம் இருந்து, தொட்டால் லேசாகச் சுட்டு, ஓரிரு நாளில் மங்கிவிட்டால் அது பெரும்பாலும் எரிச்சல். வியர்வை வெளியேற வழியின்றித் தோல் ஊறிப்போவதும், பசை மேலடுக்கைப் பிய்ப்பதும், உதவிப் பொருள்கள் உறுத்துவதும் இதற்குக் காரணங்கள். சிவப்பு பட்டையின் எல்லையைத் தாண்டிப் பரவினால், தடிப்போ சிறு கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால், உரித்து 48 மணி நேரம் ஆன பிறகும் தணியாமல் இருந்தால் ஒவ்வாமையை ஐயுற வேண்டும். எரிச்சல் முதல் நாளிலேயே வரலாம். ஒவ்வாமை வாரங்கள் அல்லது மாதங்கள் எந்தத் தொல்லையுமின்றி ஒட்டிவந்த பிறகு திடீரென வரலாம். இத்தனை நாள் ஒத்துக்கொண்டதே என்று தள்ளிப்போடுவதற்கு அது காரணமாகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எரிச்சல் என்றால் இடத்தை மாற்றியும் பசையை மாற்றியும் தொடரலாம். ஒவ்வாமை மருந்தின் மீதே இருக்குமானால் அந்த மருந்தை மாத்திரையாக விழுங்கும்போதுகூட உடலெங்கும் தடிப்பு வரலாம். இரத்த அழுத்த மருந்தான குளோனிடின், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கான (ஏ.டி.எச்.டி.) மெத்தில்ஃபெனிடேட் ஆகியவற்றோடு வரும் மருந்துக் குறிப்புகளில் இந்த எச்சரிக்கை வெளிப்படையாகவே உள்ளது. மருந்தா பசையா என்பதைத் தோல் மருத்துவர் செய்யும் ஒவ்வாமைச் சோதனையால் பிரித்தறியலாம். மெத்தில்ஃபெனிடேட் பட்டை ஒட்டிய இடத்தில் தோலின் நிறம் நிரந்தரமாக வெளுத்துப்போகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. வெளுப்பு அரிப்போ வலியோ இல்லாமல் வருவதால் எளிதில் கண்ணில் படாது.

எந்தப் பட்டைகளில் எரிச்சல் அதிகம்?

நிகோடின் பட்டை பயன்படுத்துவோரில் பாதிப் பேர் வரை ஏதோ ஓர் அளவில் தோல் மாற்றத்தைக் காண்கிறார்கள். ஆனால் அதற்காக நிறுத்த வேண்டியிருப்பவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இரத்த அழுத்தத்துக்கான குளோனிடின் பட்டை ஏழு நாள் ஒரே இடத்தில் இருப்பதாலும், மருந்தே ஒவ்வாமையைத் தூண்டக் கூடியதாலும், நீண்ட காலப் பயன்பாட்டில் கணிசமானவர்களுக்குச் சிக்கல் தருகிறது. ஆண்களுக்கான டெஸ்டோஸ்டிரோன் பை அமைப்புப் பட்டையில் அரிப்பும் கொப்புளமும் நன்கு அறியப்பட்டவை. அதே மருந்து கூழாகத் தடவப்படும்போது தோல் தொல்லை குறைவு. எஸ்ட்ராடையால், சிலிக்கோன் பசை கொண்ட ரிவாஸ்டிக்மைன் ஆகியவை பொதுவாக மென்மையானவை.

கேப்சைசின் 8% பட்டையைத் தனியாகக் கருத வேண்டும். மிளகாயின் காரச்சத்தான அதன் எரிவே மருந்தின் வேலை நடப்பதன் அடையாளம். அதை ஒவ்வாமையாகக் கொள்ளக் கூடாது. மருத்துவப் பணியாளர் கையுறையுடன் 60 நிமிடம், பாதத்தில் என்றால் 30 நிமிடம் ஒட்டி எடுப்பார். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மென்தால், மெத்தில் சாலிசிலேட் பட்டைகளையும் தடவும் மருந்துகளையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிர்ச்சி அல்லது இதம் மட்டுமே இருக்க வேண்டிய இவற்றால் தீக்காயம் போன்ற புண் ஏற்பட்டதாக வந்த புகார்களின் பேரில் 2012இல் எச்சரிக்கை வெளியிடப்பட்டது. வலிப்பது போல எரிந்தால் பொறுத்துக்கொண்டிராமல் உடனே எடுத்துவிடுங்கள்.

ஆய்வுகளில் எரிச்சலை எப்படி அளக்கிறார்கள்?

தன்னார்வலர்களின் தோலில் 21 நாள் தொடர்ந்து ஒரே இடத்தில் பட்டையை மாற்றி மாற்றி ஒட்டி, ஒவ்வொரு முறையும் மதிப்பெண் போடுகிறார்கள். 0 என்றால் எதுவுமில்லை. 1 என்றால் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிவப்பு. 6 என்றால் கொப்புளம். 7 என்றால் பட்டையின் எல்லையைத் தாண்டிப் பரவிய கடும் விளைவு. இரண்டு வார ஓய்வுக்குப் பின் புது இடத்தில் மீண்டும் 48 மணி நேரம் ஒட்டி ஒவ்வாமை உருவாகியுள்ளதா என்று பார்க்கிறார்கள். ஒட்டும் தன்மைக்குத் தனி அளவை உண்டு. அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒட்டியிருந்தால் 0, முழுவதும் விழுந்துவிட்டால் 4. வீட்டில் இரண்டு பட்டைகளை ஒப்பிடுபவரும் இதே முறையை எளிமையாக்கிக் கொள்ளலாம். உரித்த நேரம், அரை மணிக்குப் பின் சிவப்பு, மறுநாள் சிவப்பு, எத்தனை ஓரம் தூக்கியிருந்தது ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து வந்தால், மருத்துவரிடம் “அரிக்கிறது” என்று மட்டும் சொல்வதைவிட அது பன்மடங்கு பயன்படும். ஒரே நேரத்தில் இரண்டையும் ஒட்டிப் பார்க்கக் கூடாது. மருந்தின் அளவு இரட்டிப்பாகிவிடும்.

எரிச்சலைக் குறைக்க என்ன செய்யலாம்?

முதலில் இடமாற்றம். குறிப்பில் சொல்லப்பட்ட இடைவெளி மருந்துக்கு மருந்து வேறுபடும். எஸ்ட்ராடையாலுக்கு ஒரு வாரம், ரிவாஸ்டிக்மைனுக்கு 14 நாள், ஏழு நாள் புப்ரெனார்ஃபின் பட்டைக்கு மூன்று வாரம் கழித்தே அதே இடத்துக்குத் திரும்பலாம். முதுகு, மேற்கை, மார்பு என்று உடலின் வரைபடம் ஒன்று போட்டுத் தேதி எழுதி வைத்தால் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஒட்டும் முறை. தோல் சுத்தமாகவும் நன்றாக உலர்ந்தும் இருக்க வேண்டும். எண்ணெயோ லோஷனோ பவுடரோ கூடாது. மயிரைச் சவரம் செய்யாமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள், ஏனெனில் சவரத்தில் ஏற்படும் நுண்கீறல்கள் எரிச்சலையும் மருந்து உள்ளேறுவதையும் ஒருசேரக் கூட்டும். ஒட்டிய பின் உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பசை உடல்சூட்டில் இளகித் தோலின் மேடுபள்ளங்களுக்குள் இறங்க அந்த நேரம் தேவை. பலர் இதை ஒரு தட்டுத் தட்டி முடித்துவிடுகிறார்கள், பிறகு ஓரம் தூக்குகிறது என்று பட்டையைக் குறை சொல்கிறார்கள். இடுப்புப்பட்டியோ உள்ளாடையின் விளிம்போ உரசும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உரிக்கும்போது மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காமல், ஒரு மூலையைத் தூக்கித் தோலை மறுகையால் அழுத்தியபடி, தோலோடு படுத்தவாக்கில் மெல்லப் பின்னோக்கி மடித்து எடுங்கள். மிஞ்சிய பசையைக் குழந்தைகளுக்கான எண்ணெய் கொண்டு துடைக்கலாம். ஸ்பிரிட்டோ நகப்பூச்சு நீக்கியோ வேண்டவே வேண்டாம்.

பட்டைக்கு அடியில் ஸ்டீராய்டு மருந்து பூசலாமா?

மருத்துவர் சொன்னால் மட்டும். டெஸ்டோஸ்டிரோன் பட்டையின் நடுப்பகுதி படும் இடத்தில் 0.1% டிரையாம்சினலோன் க்ரீமைப் பூசுவது ஏற்கப்பட்ட முறை; அதே மருந்தைப் பிசுபிசுப்பான களிம்பு வடிவில் பூசினால் டெஸ்டோஸ்டிரோன் உள்ளே செல்வது குறைந்துவிடும். மற்றப் பட்டைகளுக்கு இதைத் தானாகப் பொருத்திக்கொள்ள முடியாது. உரித்த பிறகு அந்த இடத்தில் பூசுவது பெரும்பாலும் தொல்லை தராது.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

பெட்டியின் விலையைப் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாறுவது மிக எளிது. முதல் கணக்கு, ஒரு நாளைய செலவு. வாரம் இருமுறை மாற்றும் எஸ்ட்ராடையால் பட்டை 8 கொண்ட பெட்டியும், வாரம் ஒருமுறை மாற்றும் பட்டை 4 கொண்ட பெட்டியும் 28 நாளுக்கே வரும். எண்ணிக்கையைக் கண்டு முதலாவது மலிவு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது கணக்கு, வீணாகும் பட்டைகள். தினமும் மாற்றும் பட்டை 7 கொண்ட பெட்டி ஒன்று 70 அலகு விலை என்றும், வேறொரு நிறுவனத்தின் அதே அளவுப் பெட்டி 56 அலகு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டை ஒன்றுக்கு 8 அலகுதான். ஆனால் வாரத்தில் இரண்டு விழுந்துபோய் மாற்ற வேண்டியிருந்தால் 9 பட்டைகள், அதாவது 72 அலகு செலவாகும். எரிச்சலுக்கு வாங்கும் க்ரீமும் மேலே ஒட்டும் டேப்பும் இதில் இன்னும் சேரவில்லை.

மூன்றாவது, சிகிச்சை முழுவதற்குமான செலவு. நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைப்பவருக்கான வழக்கமான 24 மணி நேர நிகோடின் பட்டை முறையில் 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம் என்று 70 பட்டைகள் ஆகும். படிநிலைகளை வேறு விதமாக அமைத்த நிறுவனங்களும் உள்ளதால், ஒரு பெட்டி விலையை விட்டுவிட்டு மொத்தக் காலத்தையும் கூட்டிப் பாருங்கள். அக்கி வந்துபோன இடத்தில் நீடிக்கும் நரம்பு வலிக்கு லிடோகைன் பட்டையை 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் விட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று வரை ஒட்டலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பட்டை, இன்னொருவருக்கு மூன்று என்றால் செலவு மும்மடங்கு. கேப்சைசின் 8% ஒருமுறை ஒட்டுவது முதற்பார்வைக்கு மிகவும் விலை கூடியது. ஆனால் அதில் வலி தணிபவர்களுக்கு மூன்று மாதம் வரை பலன் நீடிப்பதால், அதை ஒரு லிடோகைன் பட்டையோடு ஒப்பிடாமல் 90 நாள் லிடோகைன் செலவோடு ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு.

மாத்திரை மலிவாக இருந்து அது உங்களுக்கு ஒத்துக்கொண்டும் இருக்குமானால், பட்டைக்கு மாறப் பெரும்பாலும் காரணமில்லை. விழுங்க முடியாமை, வாந்தி, இரத்த உறைவு ஆபத்து, மறதி போன்றவை இருக்கும்போதுதான் கூடுதல் செலவு நியாயமாகிறது.

விலை குறைந்த பொதுப்பெயர் (ஜெனரிக்) பட்டைகள், முதலில் வந்த நிறுவனத்தின் அசலுக்கு இணையா?

ஒழுங்குமுறை அமைப்புகள் இரத்தத்தில் மருந்தின் அளவு சமமாக இருப்பதையும், ஒட்டும் தன்மையும் எரிச்சலும் அசலைவிட மோசமாக இல்லாததையும் ஆராய்ந்தே ஒப்புதல் தருகின்றன. எனவே பலனைப் பற்றிப் பெரிதாக ஐயப்பட வேண்டாம். பசை மட்டும் வேறாக இருக்கலாம். விலை குறைந்ததை முதலில் முயன்று, உங்கள் தோல் ஏற்கவில்லை என்றால் மாற்றுவதே முறை. தொடர்ந்து ஒட்டும் மருந்துகளில் ஒவ்வொரு மாதமும் கிடைத்ததை வாங்கி நிறுவனத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதே தெரியாமல் போய்விடும்.

செலவைக் குறைக்கப் பட்டையை வெட்டலாமா? கூடுதல் நாள் வைத்திருக்கலாமா?

பை அமைப்புள்ள பட்டையை ஒருபோதும் வெட்டக் கூடாது. வெட்டிய வாய் வழியே மருந்து முழுவதும் ஒரேயடியாகத் தோலில் கொட்டும். பசையில் மருந்து கலந்தவற்றையும் குறிப்பில் அனுமதி இருந்தால்தான் வெட்டலாம். லிடோகைன் 5% பட்டைக்கு அந்த அனுமதி உண்டு. பாதுகாப்புத் தாளை உரிக்கும் முன் வெட்ட வேண்டும். நாள் கடந்து வைத்திருப்பதால் மிச்சம் எதுவுமில்லை. மருந்து இறங்குவது தளர்ந்துவிடும், தோல் ஊறுவது மட்டும் நீளும். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் பட்டையில் விடாமல் ஒட்டுவதே பலனைக் கெடுக்கும். உடல் அதற்குப் பழகிவிடுவதால் 12 முதல் 14 மணி நேரம் ஒட்டி, மீதி நேரம் கழற்றி வைப்பதே முறை. குளோனிடின் பட்டையைத் தானாக நிறுத்தினால் இரத்த அழுத்தம் திடீரென எகிறலாம் என்பதால், அரிப்பு வந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள்.

நிகோடினில் 16 மணி நேரப் பட்டை நல்லதா, 24 மணி நேரப் பட்டை நல்லதா?

விடுவதற்கான வாய்ப்பில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. உறக்கம் கெட்டால், கனவுகள் தொல்லை தந்தால் 16 மணி நேரத்தையும், கண்விழித்ததும் புகைக்கத் தோன்றினால் 24 மணி நேரத்தையும் தேர்வதே வழக்கம். இரவில் கழற்றுவது தோலுக்கும் ஓய்வு தரும். நிகோடின் மாற்று மருந்துகள் விடும் வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு வரை உயர்த்துகின்றன. பட்டையோடு நிகோடின் சூயிங்கம் போன்ற விரைவாக வேலை செய்யும் ஒன்றையும் சேர்த்தால் பலன் இன்னும் கூடுகிறது. செலவும் கூடும் என்பது உண்மை. இருந்தாலும் எங்காவது கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றால் இங்கே செலவிடலாம் என்பேன்.

வெப்பமும் ஸ்கேனும் பட்டையைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஒத்தடப் பை, மின்கம்பளி, நீராவிக் குளியல், கடும் காய்ச்சல் எல்லாமே தோலில் இரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை வேகமாக இழுத்துவிடும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் ஆனால் ஃபென்டனிலின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரலாம். சில பட்டைகளின் மேல்தாளில் அலுமினியம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தோல் வெந்துபோகலாம். ஸ்கேனுக்கு முன் பட்டை ஒட்டியிருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பயன்படுத்திய பட்டையை என்ன செய்வது?

கழற்றிய பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். ஃபென்டனில் பட்டையில் மிஞ்சுவது ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமானது. அப்படிக் குழந்தைகள் இறந்ததும் உண்டு. பசைப் பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து ஒட்டி, குறிப்பில் சொன்னபடி அப்புறப்படுத்துங்கள். கைகளைக் கழுவுங்கள். ஸ்கோபாலமைன் பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து பார்வை மங்கும்.

எப்போது மருத்துவரை உடனே அணுக வேண்டும்?

ஒட்டிய இடத்துக்கு வெளியே தடிப்பு பரவினாலும், முகம் அல்லது உதடு வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், கொப்புளம் உடைந்து நீர் வடிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அபின் வகைப் பட்டை ஒட்டியவர் எழுப்பினாலும் எழாமல் மெதுவாக மூச்சு விட்டால், பட்டையை உடனே உரித்துவிட்டு அவசர உதவியை அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது பட்டையின் பெட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள், எந்த மருந்து, மணிக்கு எவ்வளவு, எப்போது ஒட்டியது என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.